பதினோரு பேரும் ஒரு தங்கப் பந்தும்

(பழைய மாணவர் சங்கமத்தின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



மாணவர்களுக்குப் பயனுள்ள தலைப்பாக ஒன்று பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். சாப்பாடு முடிந்து, பாயசமும் முடிந்து, மூன்று மணி வெயிலில் உட்கார்ந்திருக்கிற சபையிடம் பயனுள்ளதைப் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கால்பந்து பேசலாம் என்று வந்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கல்லூரி விடுதியில் 1998-ஆம் வருஷம் நான் ஜெயித்த ஒரு வாதத்தை இன்று திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தோற்றவன் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். சிரிக்கிறவன்தான்.

அந்த வருஷம் ஜூலை 12-ஆம் தேதி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நம் கணக்குக்கு நள்ளிரவு பன்னிரண்டரை மணி. விடுதி டி.வி. அறையில் உட்கார இடமில்லாமல் ஜன்னல் கம்பியில் தொங்கிக் கொண்டு பார்த்தோம். விடுதியில் முக்கால்வாசிப் பேர் பிரேசில் கட்சி. நான் பிரான்ஸ். இவன் எந்தக் கட்சியிலும் இல்லை. காரணம், அவன் கட்டிலுக்கு மேலே சுவரில் எரிக் கன்டோனாவின் போஸ்டர். "கன்டோனாவை எடுக்காத டீமுக்கு நான் ஏன்டா கை தட்டணும்?" என்பது அவன் கேள்வி. பிரான்ஸ் 3-0 என்று ஜெயித்தது. நான் அவனைப் பார்த்து, "கோப்பை வந்தாச்சு, இனிமே என்ன பேச்சு?" என்றேன். அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனான். அறையே என் பக்கம் சிரித்தது. அன்றைக்கு நான் ஜெயித்தேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக் கொண்டிருந்தேன்.

தம்பி தங்கைகளில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள். ஆகவே கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் பிரான்ஸிடம் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1991-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து, பாலோன் தோர் என்கிறார்களே, அதை வாங்கிய ஜான் பியேர் பாபான் முன்னே நிற்கிறார். பக்கத்தில் கன்டோனா. பயிற்சியாளர் மிஷேல் பிளாட்டினி, அவரே மூன்று முறை அந்தப் பந்தை வாங்கியவர். 1992 ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி. இனி யார் இவர்களைத் தடுக்க முடியும் என்று பேச்சு. ஸ்வீடனில் நடந்த போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் முதல் சுற்றோடு வீடு திரும்பினார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். 1994 உலகக் கோப்பைக்குப் போக, பாரிஸில் நடக்கும் கடைசி இரண்டு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் போதும். 1993 அக்டோபரில் இஸ்ரேலிடம் 2-3. சரி, இன்னும் ஓர் ஆட்டம் இருக்கிறதே என்றார்கள். நவம்பர் 17, பல்கேரியா. கன்டோனா கோல் போட்டார், பல்கேரியா சமன் செய்தது. 1-1 என்றாலே போதும். கடைசி நிமிடம். மூலைப் பக்கம் பந்தை வைத்துக் கொண்டு நேரத்தைக் கடத்தியிருக்கலாம். மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த தவீத் ஜினோலா பந்தை நடுவுக்குத் தூக்கி அடித்தார். அது எல்லோரையும் தாண்டிப் போய் எதிரணிக் காலில் விழுந்தது. அங்கிருந்து நேரே வந்து கோஸ்டாடினோவ் கோல் போட்டார். அமெரிக்கா போகும் கனவு அத்தோடு முடிந்தது. பயிற்சியாளர் ஜெரார் உலியே அந்தப் பழியை ஜினோலா தலையில் பகிரங்கமாக வைத்தார். ஒரு நாடு இரண்டு ஆட்டத்தில் தோற்றதற்கு ஒருவன் ஒரே உதையில் காரணமாகி விட்டான்! ரசிகனுக்கு இது வசதி. பயிற்சியாளருக்கு அதைவிட வசதி.

உலியே போனார். அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்த ஐமே ஜாக்கே வந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கொண்டே கால்பந்து ஆடி மேலே வந்தவர். போர்தோ அணிக்கு மூன்று முறை லீக் பட்டம் வாங்கித் தந்தவர். ஆனால் பேச்சில் சாமர்த்தியம் கிடையாது. கிராமத்து உச்சரிப்பு வேறு. நம்ம ஊரில் பட்டணத்து ஆபீசுக்கு வந்த கிராமத்து ஹெட்மாஸ்டரை நினைத்துக் கொள்ளுங்கள்.

ஜாக்கே முதலில் செய்தது என்ன தெரியுமா? கன்டோனாவைக் கேப்டன் ஆக்கினார். இதைப் பலர் மறந்து விடுகிறார்கள். கன்டோனாவைப் பிடிக்காமல் ஒதுக்கினார் என்பது சரியல்ல. 1995 ஜனவரி 25 அன்று, இங்கிலாந்தில் ஓர் ஆட்டத்தில், ரெட் கார்டு வாங்கி வெளியேறும்போது தன்னைத் திட்டிய ரசிகர் மேல் கன்டோனா பாய்ந்து உதைத்தார். செப்டம்பர் மாதம் முடிய தடை. அந்த எட்டு மாதத்தில் ஜாக்கே அணியை வேறு இருவரைச் சுற்றிக் கட்டினார். ஒருவர் யூரி ஜோர்காயெஃப். இன்னொருவர், 1994 ஆகஸ்டில் முதல் ஆட்டத்திலேயே மாற்று ஆளாக வந்து, இரண்டு கோல் பின்தங்கியிருந்த அணிக்கு இரண்டையும் போட்டுச் சமன் செய்த ஜினெடின் ஜிடேன்.

கன்டோனா தடை முடிந்து திரும்பி வந்து, முன்னைவிடப் பிரமாதமாக ஆடினார். 1996-இல் இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் அவரையே அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்தக் கோடையில் ஐரோப்பியக் கோப்பைக்கான பிரான்ஸ் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஜினோலா பெயரும் இல்லை. ஊர் கொதித்தது. அணி அரை இறுதி வரை போயிற்று, ஆனால் எப்படி? கால் இறுதியும் அரை இறுதியும் சேர்த்து 240 நிமிடம் ஆடி ஒரு கோல்கூடப் போடவில்லை. ஒன்றைப் பெனால்டியில் ஜெயித்து, இன்னொன்றைப் பெனால்டியில் தோற்றார்கள். கோல் போடத் தெரிந்தவனை வீட்டில் உட்கார வைத்துவிட்டு கோல் இல்லாமல் தோற்றால் ரசிகன் என்ன சொல்வான்? நானே அங்கே இருந்திருந்தால் ஜாக்கே வீட்டு வாசலில் நின்று கத்தியிருப்பேன்.

அடுத்த இரண்டு வருஷமும் சோதனைதான். 1998 போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று கிடையாது. வெறும் நட்பு ஆட்டங்கள். அதில் ஜெயித்தால் யாரும் மதிப்பதில்லை, தோற்றால் யாரும் மன்னிப்பதில்லை. 'லெகிப்' என்று அங்கே ஒரு விளையாட்டு நாளேடு, நாடு முழுக்க அதைத்தான் படிக்கிறார்கள். அது ஜாக்கேயைத் தினம் தினம் வறுத்தெடுத்தது. பழைய காலத்து ஆள், தைரியம் இல்லாதவர், இந்தப் பொறுப்புக்குத் தகுதியில்லாதவர் என்றெல்லாம். மே 22 அன்று 28 பேரில் ஆறு பேரைக் கழித்து 22 ஆக்கினார். அந்த ஆறில் ஒருவர் பத்தொன்பது வயது நிக்கோலா அனெல்கா.

பிறகு நடந்ததை இங்கே பலர் பார்த்திருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவுடன் 3-0. சவுதி அரேபியாவுடன் 4-0. அதில் ஜிடேன் எதிராளியை மிதித்து ரெட் கார்டு வாங்கி இரண்டு ஆட்டம் உட்கார்ந்தார். அவர் இல்லாமல் பராகுவேயிடம் மூச்சுத் திணறிக் கூடுதல் நேரத்தில் டிஃபென்டர் லோரான் பிளாங் போட்ட கோலில் தப்பினார்கள். இத்தாலியுடன் 0-0, பெனால்டியில் வெற்றி. குரோயேஷியாவுடன் அரை இறுதியில் லிலியான் துராம் இரண்டு கோல். துராம் டிஃபென்டர், பிரான்ஸுக்காக 142 ஆட்டம் ஆடியவர், வாழ்நாளில் நாட்டுக்காகப் போட்டதே அந்த இரண்டு கோல்தான். இறுதி ஆட்டத்தில் ஜிடேன் தலையால் இரண்டு, கடைசியில் எம்மானுவேல் பெத்தி ஒன்று. ஏழு ஆட்டத்தில் வாங்கிய கோல் இரண்டே இரண்டு. லெகிப் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஜாக்கே மன்னிக்க மாட்டேன் என்றார். கோப்பையை வைத்துவிட்டுப் பதவியிலிருந்தும் விலகினார்.

இதைத்தான் அன்றிரவு நான் நண்பன் முகத்தில் அடித்தேன். கோப்பை வந்தாச்சு.

இப்போது அந்த இத்தாலி ஆட்டத்துக்குத் திரும்புவோம். அப்போது 'கோல்டன் கோல்' விதி. கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போட்டவனே வெற்றி, ஆட்டம் அங்கேயே முடிந்தது. ராபர்ட்டோ பாஜியோ ஓடிவந்து, பந்து தரையில் படுமுன் ஓர் அடி அடித்தார். கம்பத்தை ஒட்டி வெளியே போயிற்று. அது உள்ளே போயிருந்தால்? பெனால்டியில் டி பியாஜியோ அடித்தது மேல் கம்பத்தில் மோதித் திரும்பியது. அது சில அங்குலம் கீழே போயிருந்தால்? ஜாக்கே எடுத்த முடிவுகளில் ஒரு புள்ளி மாறியிருக்காது. அதே பட்டியல், அதே பயிற்சி, அதே பதினோரு பேர். ஆனால் அன்று மாலையே அவர், "சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையைக் கன்டோனாவை ஒதுக்கித் தொலைத்த ஆள்" ஆகியிருப்பார். மூன்றாவது வரிசைக்காரன் கை தட்டியிருப்பான். நான் எழுந்து போயிருப்பேன்.

இரண்டு வாதமுமே ஒரு மரக்கம்பத்தின் மேல், சரி, அலுமினியக் கம்பத்தின் மேல் நின்ற வாதம். இது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று.

அப்படியானால் ஜாக்கே செய்தது சரியா தப்பா? சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் கோப்பையைக் காட்டிச் சொல்ல மாட்டேன். முடிவெடுத்த அன்று அவர் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். தங்கப் பந்துக்காரரும் கன்டோனாவும் சேர்ந்து ஆடிய அணி 1992-இல் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியும். 1993-இல் இருவரோடும் ஜினோலாவையும் சேர்த்துக் கொண்ட அணி கடைசி நிமிடத்தில் என்ன ஆனது என்று பக்கத்து நாற்காலியிலிருந்தே பார்த்தவர். கன்டோனா இல்லாத மாதங்களில் அணி தோற்காமல் ஆடப் பழகி விட்டது. ஜிடேனுக்கும் கன்டோனாவுக்கும் தேவை ஒரே இடம், ஒரே பந்து. ஒருவருக்கு வயது 23, இன்னொருவருக்கு 30. இதெல்லாம் 1996-இலேயே தெரிந்த சங்கதி. அரை இறுதியில் பெனால்டி தவறியதால் இந்தக் காரணங்கள் பொய்யாகி விடவில்லை. 1998-இல் கம்பத்தில் பட்டதால் கூடுதல் உண்மையாகி விடவும் இல்லை.

அதே தராசில் ஜாக்கேயின் இன்னொரு முடிவையும் வையுங்கள். ஃபார்வர்டாக அவர் நம்பியது ஸ்டெஃபான் கிவார்ஷ் என்பவரை. அந்த வருஷம் பிரெஞ்சு லீக்கில் அதிக கோல் போட்டவர் அவர்தான். ஆகவே காரணம் இருந்தது. உலகக் கோப்பையில் ஒரு கோல்கூடப் போடவில்லை. இறுதி ஆட்டத்தில் கிடைத்த வாய்ப்புகளைத் தவறவிட்டதைப் பார்த்து எங்கள் அறையில் பிரேசில் கட்சிக்காரர்களே பரிதாபப்பட்டார்கள். இருபது வயது தியரி ஆன்ரியோ மூன்று கோல் போட்டு, அணியிலேயே அதிகம் போட்டவராக இருந்தும் இறுதி ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அனெல்கா வீட்டில். ஜெயித்ததால் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தோற்றிருந்தால் முதல் கேள்வியே இதுதான்.

இன்னொன்று. வெளியே விடப்பட்டவன் பக்கம் நின்று கொஞ்சம் பாருங்கள். உள்ளே எடுக்கப்பட்டவன் நன்றாக ஆடினாலும் மோசமாக ஆடினாலும் கணக்கு தெரிந்து விடுகிறது. விடப்பட்டவனுக்கு அந்த ஆட்டமே கிடையாது. ரசிகன் மனசில் அவன் எல்லா கோலையும் போடுவான். பயிற்சியாளர் மனசில் அவன் எல்லா ஆட்டத்தையும் கெடுப்பான். இரண்டையும் சரிபார்க்க வழியில்லை. 1997 மே மாதமே கன்டோனா ஓய்வு பெற்று விட்டார், முப்பத்தோராவது வயது தொடங்கும்போது. ஜினோலா இங்கிலாந்திலேயே ஆடிக் கொண்டிருந்தார். 1999-இல் என்ன நடந்தது தெரியுமா? மான்செஸ்டர் யுனைட்டெட் மூன்று பெரிய கோப்பைகளையும் வாரிக் கொண்டு போன அந்த சீசனில், சக ஆட்டக்காரர்கள் தரும் விருது, எழுத்தாளர்கள் தரும் விருது, இரண்டும் டாட்டன்ஹாமில் ஆடிய ஜினோலாவுக்கே!

இங்கேதான் விருது விஷயம் வருகிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பத்து நிமிடம் கொடுங்கள் சார்.

பயிற்சியாளர் செய்வது இருநூறு பேரிலிருந்து ஒரு அணியை எடுப்பது. விருது கொடுப்பவர் செய்வது, ஒரு அணியிலிருந்து ஓர் ஆளைப் பிய்த்து எடுப்பது. இரண்டும் எதிரெதிர் வேலை. நாம் இரண்டுக்கும் ஒரே அளவுகோலைத் தூக்கிக் கொண்டு போகிறோம். "இவ்வளவு பெரிய விருது வாங்கினவனை எப்படி எடுக்காம இருக்கலாம்?" என்கிறோம். அல்லது "கோப்பை ஜெயித்த டீமில் இருந்தவனுக்கு ஏன் விருது இல்லை?" என்கிறோம்.

1998-இன் தங்கப் பந்து ஜிடேனுக்குப் போனது. எனக்கு அவரைப் போல இன்னொரு ஆட்டக்காரர் கிடையாது, ஆனாலும் கேட்கிறேன்: அந்த உலகக் கோப்பையில் அவர் போட்டது இரண்டே கோல், இரண்டும் கடைசி நாள். நடுவில் இரண்டு ஆட்டம் தன் தவறால் ஆடவில்லை. ஏழு ஆட்டத்தில் இரண்டே கோல் வாங்கிய டிஃபென்ஸுக்கு யார் பந்து கொடுத்தார்கள்? அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற பிரேசிலின் ரொனால்டோவுக்கு, துராமுக்கு மூன்றாமிடம். ஒரு வேடிக்கை என்னவென்றால், தங்கப் பந்தைக் கொடுக்கும் 'பிரான்ஸ் ஃபுட்பால்' பத்திரிகையும் லெகிப்பும் ஒரே நிறுவனத்துப் பிள்ளைகள். ஒரு பிள்ளை அணியைத் திட்டியது, இன்னொரு பிள்ளை அதே அணியின் ஆளுக்கு மாலை போட்டது.

இந்தத் தங்கப் பந்தின் சரித்திரமே ஒரு பாடம். 1956-இல் தொடங்கியது. 1994 வரை ஐரோப்பியர்களுக்கு மட்டும். பெலேவுக்குக் கிடையாது, மரடோனாவுக்குக் கிடையாது. 1995-இல் விதி மாறியதும் முதல் வருஷமே லைபீரியாவின் ஜார்ஜ் வியா வாங்கினார். பின்னாளில் தன் நாட்டுக்கு ஜனாதிபதியும் ஆனார். அறுபதாம் ஆண்டை ஒட்டி 2016-இல் அந்தப் பத்திரிகையே பழைய கணக்கைத் திருப்பிப் பார்த்தது. 1995-க்கு முன் கொடுத்த 39-இல் 12 தென்னமெரிக்கர்களுக்குப் போயிருக்க வேண்டும், அதில் ஏழு பெலேவுக்கு மட்டும் என்று ஒப்புக் கொண்டது. கோல் கீப்பர் ஒரே ஒருவர், 1963-இல் லெவ் யாஷின். டிஃபென்டர்கள் மூன்றே பேர்: பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ. பந்தைத் தடுப்பவனுக்குக் கை தட்ட நமக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். ஒருமுறை தோன்றியபோது என்ன ஆயிற்று? 2002 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரராக ஜெர்மனியின் கோல் கீப்பர் ஆலிவர் கான் தேர்வானார். இறுதி ஆட்டம் முடியும் முன்பே ஓட்டுகள் போடப்பட்டு விட்டன. அந்த இறுதி ஆட்டத்தில் அவர் கையிலிருந்து நழுவிய பந்தைத்தான் ரொனால்டோ முதல் கோலாக அடித்தார்.

பயிற்சியாளர்கள் எல்லோரும் ஜாக்கே மாதிரி காரணத்தோடுதான் எடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள். 2004 முதல் 2010 வரை பிரான்ஸ் பயிற்சியாளராக இருந்த ரேமோன் டொமெனெக், ஆட்டக்காரர்களின் ராசியையும் பார்ப்பேன் என்று வெளிப்படையாகப் பேசியவர். விருச்சிக ராசிக்காரர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று பேச்சு. நல்ல ஆட்டக்காரரான ராபர்ட் பிரேஸ் வெளியே போனதற்கு அதுவும் காரணம் என்றார்கள். பிரேஸ் பிறந்தது அக்டோபர் 29. நம்ம பஞ்சாங்கப்படி பார்த்தால் அது ஐப்பசி மாசம், சூரியன் துலாத்தில்! ஒரு நல்ல ஜோசியரைக் கூட வைத்திருந்தால் பிரேஸ் பிழைத்திருப்பார்.

அதே டொமெனெக் 2006 உலகக் கோப்பைக்கு விகாஷ் தொராசூ என்பவரை எடுத்தார். மொரீஷியஸ் வழி வந்த இந்திய வம்சாவளிக் குடும்பம். நம் முகச் சாயலில் ஒருவர் பிரான்ஸ் நீலச் சட்டையில் உலகக் கோப்பைக்குப் போகிறார் என்று எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். இரண்டு ஆட்டங்களில் கடைசியில் சில நிமிடங்கள் இறக்கினார்கள், அவ்வளவுதான். அணி இறுதி ஆட்டம் வரை போயிற்று, அவர் பெஞ்சிலேயே. கையில் ஒரு சிறு பிலிம் கேமராவை வைத்து அந்தக் காத்திருப்பைப் படம் பிடித்தார். 'சப்ஸ்டிட்யூட்' என்று அது திரைப்படமாகவே வந்தது. தேர்வாகியும் தேர்வாகாதவனின் கதை. கல்லூரி டீமில் பன்னிரண்டாவது ஆளாக மூன்று வருஷம் தண்ணீர் பாட்டில் கொடுத்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். தேடிப் பாருங்கள்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. 1998-இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன் டிடியே டெஷாம்ப்ஸ். அவரைக் கன்டோனா 1996-இல் "தண்ணீர் சுமப்பவர்" என்று ஏளனமாகச் சொன்னார். பந்தைப் பிடுங்கி அடுத்தவனுக்குக் கொடுப்பதைத் தவிர வேறு தெரியாதவர் என்று அர்த்தம். அந்தத் தண்ணீர்க்காரர் 2012-இல் பயிற்சியாளர் ஆனார். அவருக்கும் ஒரு கன்டோனா வந்து சேர்ந்தார்: கரீம் பென்சீமா.

2015-இல் சக ஆட்டக்காரர் ஒருவரை மிரட்டிய வழக்கில் பென்சீமா பெயர் வந்தது. 2021-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 2016-இல் சொந்த மண்ணில் ஐரோப்பியக் கோப்பை, பென்சீமா இல்லை. வட ஆப்பிரிக்க வம்சாவளி என்பதாலா என்ற பொருள்பட முதலில் பேசியது யார்? கன்டோனா! பிறகு பென்சீமாவே, நாட்டில் உள்ள ஓர் இனவெறிக் கூட்டத்துக்கு டெஷாம்ப்ஸ் பணிந்து விட்டார் என்றார். டெஷாம்ப்ஸ் வீட்டுச் சுவரில் யாரோ இனவெறியன் என்று எழுதிப் போனார்கள். 1996-இலேயே லெ பென் என்ற அரசியல்வாதி, இது பிரெஞ்சு அணியே அல்ல, வெளியாட்களைக் கொண்டு வந்து சேர்த்தது என்று பேசிய நாடு அது. அதனால் அந்தக் கேள்வி அங்கே எழத்தான் செய்யும், எழுவதில் தப்பில்லை. ஆனால் டெஷாம்ப்ஸ் எடுத்த அணியின் முகங்களைப் பார்த்தபோது அந்தக் குற்றச்சாட்டு அவர் மேல் ஒட்டவில்லை என்பது என் கருத்து. நண்பன் வேறு மாதிரி நினைப்பான்.

அந்த 2016 இறுதி ஆட்டம் போர்ச்சுகலுடன். 0-0. தொண்ணூறு நிமிடம் தாண்டிய நேரத்தில் ஜின்யாக் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் 0-1 தோல்வி. ஜாக்கேக்கு உதவிய கம்பம் டெஷாம்ப்ஸுக்கு உதவவில்லை! "பென்சீமா இருந்திருந்தால்" என்று நாடே பேசியது. 2018, மாஸ்கோ. மறுபடி பென்சீமா இல்லை. ஃபார்வர்டு ஒலிவியே ஜிரூ. ஏழு ஆட்டம் ஆடினார், கோல் இல்லை, கோலுக்குள் போகும்படி ஓர் அடிகூட அடிக்கவில்லை. கிவார்ஷ் கதையே! பிரான்ஸ் 4-2 என்று குரோயேஷியாவை ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. ஜிரூ எதிரணி டிஃபென்டர்களை இழுத்துக் கொண்டு போய் எம்பாப்பேக்கும் கிரீஸ்மனுக்கும் வழிவிட்டார் என்பது கவனித்தவர்களுக்குத் தெரியும். அந்த வருஷத் தங்கப் பந்து யாருக்கு? தோற்ற அணியின் லூக்கா மோட்ரிச்சுக்கு.

2021-இல் டெஷாம்ப்ஸ் பென்சீமாவைத் திரும்ப அழைத்தார். இதற்கும் மனசு வேண்டும். ஐரோப்பியக் கோப்பையில் அவர் நான்கு கோல் போட்டார், அருமையாக ஆடினார். அணி ஸ்விட்சர்லாந்திடம் பெனால்டியில் தோற்று வெளியேறியது. அதே வருஷம் அக்டோபரில் நேஷன்ஸ் லீக் இறுதியில் பென்சீமா கோல் போட, ஸ்பெயினை ஜெயித்தது. ஆக, இதிலிருந்து எந்தக் கட்சிக்கும் சாதகமாகச் சாட்சி எடுக்க முடியாது. 2022 அக்டோபர் 17-இல் பென்சீமாவுக்குத் தங்கப் பந்து. ஒரு மாதம் கழித்து கத்தார் உலகக் கோப்பைக்கு முதல் நாள் பயிற்சியில் தொடையில் காயம், விலகல். அணி அவர் இல்லாமல் இறுதி வரை போய் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்றது. மறுநாள், தன் முப்பத்தைந்தாவது பிறந்த நாளில், பென்சீமா தேசிய அணியிலிருந்து விடை பெற்றார். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் கையில் இருக்கும்போது ஓர் உலகக் கோப்பை ஆட்டம்கூட ஆடக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த இறுதி ஆட்டத்தில் டெஷாம்ப்ஸ் 41-ஆவது நிமிடத்திலேயே இரண்டு பேரை வெளியே எடுத்தார். ஒருவர் ஜிரூ. இன்னொருவர், முதல் கோலுக்கான பெனால்டியை எதிரணிக்குக் கொடுத்துவிட்ட உஸ்மான் டெம்பெலே. இடைவேளைவரைகூட வைத்துக் கொள்ளத் தகுதியில்லாதவர் என்று அன்று ரசிகர்கள் பேசிய அந்த டெம்பெலேதான் 2025-இன் தங்கப் பந்தை வாங்கினார்.

மூன்றாவது வரிசையில் கை தூக்கியாயிற்று. கன்டோனாவுக்கு 1996-இல் ஓர் ஆட்டமாவது கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறான், எனக்குத் தெரியும். அன்றைக்கு அவனைப் பேச விடவில்லை. தம்பி, அந்த மைக்கை அவரிடம் கொடுப்பா.